ஐம்பத்தைந்து நிமிடப் பயணம்

டிக்கெட்டக்கா என்று சொன்னால்தான் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூடக் கொஞ்சம் யோசிப்பார். லிஃப்ட் செய்து, பொருத்தி, பழுது பார்க்கும் கம்பெனி அது. இரண்டாவது மாடியில், நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் அவளுடைய மேசை. யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் டிக்கெட் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதுதான். எந்த மேலாளருக்கு ஜன்னலோரம் வேண்டும், எந்த மெக்கானிக்குக் கால் நீட்ட இடம் வேண்டும், ரயிலில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் யாருக்குக் குமட்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் விமானத்தின் பிசினஸ் வகுப்பிலோ ரயிலின் முதல் வகுப்பிலோ அவள் ஒரு தடவைகூட உட்கார்ந்தது கிடையாது.

அந்தக் கம்பெனிக்கு இன்னொரு நகரத்தில் கிளை இருந்தது. போக்குவரத்தில் முக்கால்வாசி அங்கேதான். மேலாளர்கள் விமானத்தில் பிசினஸ் வகுப்பில் போவார்கள். மெக்கானிக்குகள் ரயிலில் முதல் வகுப்பில் போவார்கள். மெக்கானிக்குக்கு முதல் வகுப்பா என்று புதிதாக வருகிறவர்கள் புருவத்தைத் தூக்குவதுண்டு. ஆளுக்குப் பதினெட்டுக் கிலோ கருவிப் பெட்டியைச் சுமந்துகொண்டு போய், இறங்கிய கையோடு லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவர்கள் அவர்கள். வழியிலாவது காலை நீட்டி ஓய்வாக வரட்டும் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் போராடி வாங்கிய சலுகை அது.

அதன் மேல்தான் புதிய நிதி அதிகாரியின் கண் விழுந்தது. வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"ரயில் முதல் வகுப்பையும் விமானத்தையும் ஒப்பிட்டு ஒரு அறிக்கை வேணும். நிர்வாகக் குழுவுக்கு. மெக்கானிக்கையும் விமானத்துலயே அனுப்பிடலாம், சாதாரண வகுப்புல. ஐம்பத்தஞ்சு நிமிஷத்துல போய்ச் சேருவாங்க. ரயில்ல மூணு மணி இருபது நிமிஷம்."

"அப்ப மேலாளர்களுக்கு சார்?"

"அவங்களுக்கு இப்ப இருக்கிற மாதிரியே. அதைத் தொட வேண்டாம்."

"பெட்டியை விமானத்துக்குள்ள விடமாட்டாங்களே. உள்ள ஸ்பேனர், கட்டர் எல்லாம் இருக்கும்."

"சரக்குல போடட்டும். அது மட்டுமில்ல, முதல் வகுப்பு டிக்கெட் எடுத்துக் குடுத்தும் பாதிப் பேர் அந்த சீட்டுல உட்காரவே இல்ல. ரயில்காரங்களே பட்டியல் அனுப்பியிருக்காங்க. உட்காராத சீட்டு எதுக்கு?"

அந்தப் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் எடுத்துப் பார்த்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட இருக்கைகளில் பாதிக்கு எதிரே 'காலி' என்று இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. ஒருவரும் அவளிடம் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அறிக்கையை அரை நாளில் எழுதிவிடலாம். இணையத்தில் இருக்கும் எண்களை எடுத்து இரண்டு கட்டத்தில் போட்டால் முடிந்தது. அப்படித்தான் ஆரம்பித்தாள். ஐம்பத்தைந்து நிமிடம் என்று அடித்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டாள். காலை ஏழு மணிக்கு இங்கிருந்து விமானத்துக்குப் புறப்படுகிற விற்பனை மேலாளர், அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறார். வருடக்கணக்காக அவருக்கு அங்கே சந்திப்புகளை ஒரு மணிக்கு மேல்தான் அவள் வைத்துக் கொடுக்கிறாள். அப்படியானால் மீதி நேரம் எங்கே போகிறது?

கம்பெனியின் தலைவியை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். அவருக்கு நேராக ஒரு கடிதம் அனுப்பினாள். நிதி அதிகாரிக்கு ஒரு நகல். "ஒரு தடவை விமானத்தில் பிசினஸ் வகுப்பில் போய், ரயிலில் முதல் வகுப்பில் திரும்பி வந்து எழுதுகிறேன். போகாமல் எழுதினால் அது ஒப்பீடு ஆகாது" என்று மூன்றே வரி.

நிதி அதிகாரி வேகமாக இறங்கி வந்தார்.

"டிக்கெட் போடுறவங்க எல்லாம் போய் உட்கார்ந்து பாக்கணும்னா, சாப்பாட்டு பில் பாக்குறவங்க எல்லாம் அடுப்படிக்குப் போகணும்."

"போய்ப் பாத்தா நல்லதுதானே சார்," என்றாள்.

பதிலுக்குப் பெரிய மேடத்திடமிருந்து ஒரே சொல் வந்தது: போகலாம்.

வீட்டில் சொன்னபோது மகள்தான் அதிகம் குதித்தாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவள். "அம்மா, சும்மா குடுக்கிற சோப்பு, சீப்பு எதையும் விட்டுட்டு வராத," என்றாள். கணவர் மருத்துவமனையில் ஆண் நர்ஸ். சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"நாடி பாக்குற கடிகாரம். நொடிகூடத் தப்பாது. போன்ல மணி பாத்தா நம்பமாட்டாங்க."

"யாரு நம்பமாட்டாங்க?"

"நீ யாருகிட்ட சண்டைக்குப் போறியோ அவங்க," என்றார்.

"நான் எங்க சண்டைக்குப் போறேன்?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைக் கழுவப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு அலுவலக வாசலிலிருந்து கார் கிளம்பியது. கூட வந்தவர் விற்பனை மேலாளர். சென்ட் வாசனை அவருக்கு ஒரு அடி முன்னால் போகும். மற்றபடி தங்கமான மனிதர். விமான நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது, எட்டேகால் ஆகிவிட்டது. பெட்டியைக் கொடுத்து, பெல்ட்டைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, திரும்ப மாட்டி, உள்ளே போகும்போது எட்டு ஐம்பது. ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனாள்.

பிசினஸ் வகுப்புக்காரர்கள் தங்கும் அறையில் மெத்தென்ற நாற்காலிகள், பழச்சாறு, ஆறு வகை பிஸ்கட். விற்பனை மேலாளர் சொந்த வீட்டுக் கூடத்தில் நுழைவதுபோல் நுழைந்து தன் வழக்கமான மூலையில் உட்கார்ந்தார். "இங்க ஒரு முக்கால் மணி நேரம் நிம்மதியா இருக்கலாம்," என்றார்.

"நிம்மதியா இருக்கவா சார் வந்தோம்?"

"எழுதிக்காதம்மா அதை."

விமானத்துக்குள் நுழைந்ததும் அவள் திகைத்து நின்றுவிட்டாள். திரைச்சீலைக்கு முன்னால் நான்கு வரிசை. திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பதே முன்னாலும் இருந்தது. அதே அகலம், அதே துணி. மூன்று இருக்கைகளில் நடு இருக்கையின் மேல் ஒரு சின்னப் பலகையை வைத்து, யாரும் உட்கார முடியாமல் செய்திருந்தார்கள்.

"இதுதானா சார்?"

"இதுதான்."

"நடுவுல ஆள் இல்லாம இருக்கிறதுக்கா இவ்வளவு?"

"ஆள் இல்லாம இருக்கிறது சின்ன விஷயமா? வீட்டுல எனக்கு ஒரு நாற்காலி காலியாக் கிடைக்காது," என்றார் அவர். பணிப்பெண் வந்து அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. பணிப்பெண் போன பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எட்டு வருஷமா வர்றேன். கால் நீட்ட இடம் இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா இங்க மட்டும்தான் முதல்ல என்னைக் கூப்பிடுறாங்க. நாங்க வீட்டுல ஏழு பிள்ளைங்க. நான் ஆறாவது. என் பேரு எப்பவும் கடைசிக்கு முன்னாடிதான் வரும்."

இதை அவள் எழுதிக்கொள்ளவில்லை.

பத்து இருபத்தைந்துக்கு விமானம் மேலே ஏறியது. மேகத்துக்கு மேலே வெயிலைப் பார்த்தாள். இவ்வளவு அழகை எத்தனை பேருக்கு நம் கையால் சீட்டுக் கிழித்துக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். 'ஜன்னல்: மிக நன்று' என்று நேர்மையாக எழுதினாள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. பாதி தின்பதற்குள் இறங்கப் போகிறோம் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வந்ததற்கும் போனதற்கும் நடுவில் பதினான்கு நிமிடம்.

பதினொன்று இருபதுக்குத் தரையிறங்கியது. சொன்னபடி ஐம்பத்தைந்து நிமிடம். ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. பிறகு பேருந்து, நடை, பெட்டிக்காகக் காத்திருப்பு, வாடகைக் கார், சிக்னல். கிளை அலுவலக வாசலில் கால் வைத்தபோது பன்னிரண்டு இருபது. ஐந்து மணி பத்து நிமிடம்.

"சார், மணி பாத்துக்குங்க," என்றாள்.

விற்பனை மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னண்டு இருபது. இதுக்கு முன்னாடி நான் கணக்குப் பாத்ததே இல்ல," என்றார்.

மறுநாள் காலை ரயில். கூட வந்தவர் மெக்கானிக். மெயின் சுவிட்ச் என்று பட்டப்பெயர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் யார் முகத்தையும் பார்க்காமல் "மெயின் சுவிட்ச் எங்க?" என்று கேட்பதால் வந்தது. விடிந்ததும் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு நேராக வந்திருந்தார். முகம், கை கழுவியிருந்தாலும் சட்டை முழுக்க மசகு. வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார்.

கிளை வாசலிலிருந்து ஒன்பது இருபதுக்குக் கிளம்பி, பதினைந்து நிமிடத்தில் நிலையம். செருப்பைக் கழற்றச் சொல்ல அங்கே யாரும் இல்லை. முதல் வகுப்புப் பெட்டியில் ஒரு பக்கம் இரட்டை இருக்கை, மறுபக்கம் ஒற்றை. மேசையில் இரண்டு கோப்புகளை விரித்துவைக்க இடம் இருந்தது. மெக்கானிக் கருவிப் பெட்டியைக் காலருகே வைத்துவிட்டு, நுனியில் உட்கார்ந்தார். பின்னால் சாயவில்லை.

"சாஞ்சு உட்காருங்க அண்ணா."

"இருக்கட்டும்க்கா."

ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். எதிர் வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு எழுந்து போனார். அவர் திரும்பி வரும்போது கூடவே பெட்டிப் பணியாளரும் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சீருடை. நேராக மெக்கானிக்கிடம் போனார்.

"இது முதல் வகுப்பு."

மெக்கானிக் ஏற்கெனவே பாதி எழுந்திருந்தார். ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கை பெட்டியின் பிடியில். பழகிப்போன வேகம் அது. அதைப் பார்த்ததும் அந்தப் பட்டியலில் இருந்த 'காலி' எல்லாம் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

பணியாளர் டிக்கெட்டைப் பார்த்தார். அதில் குறை எதுவும் இல்லை. "சரிதான். ஆனா அடுத்த பெட்டியில நிறைய இடம் இருக்கு. அங்க வசதியா இருக்கும்," என்றார்.

"யாருக்கு வசதி?" என்றாள் டிக்கெட்டக்கா.

பணியாளர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "நீங்க?"

"அவரோட வந்திருக்கேன். டிக்கெட் போட்டதும் நான்தான். அடுத்த பெட்டி யாருக்கு வசதின்னு கேட்டேன்."

"மத்தவங்களுக்குக் கொஞ்சம் எண்ணெய் வாசனை…"

"விடுங்கக்கா, நமக்கு எதுக்கு வம்பு," என்று மெக்கானிக் மெல்லச் சொன்னார். "எப்பவும் நடக்கிறதுதான். நானே போயிடுவேன். நம்ம பசங்க எல்லாருமே அப்படித்தான். சில பேரு இந்தப் பக்கம் ஏறுறதே இல்ல, நேரா அங்க போய் நின்னுக்கிட்டே வந்துருவாங்க."

"இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீங்க பாத்துப் பாத்துப் போடுறீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, இறங்கும்.

"உட்காருங்க அண்ணா. நீங்க எழுந்தா நானும் எழுந்து வருவேன். அப்புறம் ரெண்டு சீட்டும் காலின்னு பட்டியல்ல ஏறும்." பிறகு பணியாளரிடம் திரும்பினாள். "அழுக்குச் சட்டை போட்டவங்க இங்க உட்காரக் கூடாதுன்னு உங்க விதியில இருக்கா?"

"அப்படி இல்ல."

"அப்ப இவரை எதுக்காக எழுப்பினீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இவர் உடனே போயிடுவாரு."

பணியாளர் டிக்கெட்டை மறுபடி புரட்டிப் பார்த்தார். கோட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

"எழுத எல்லாம் முடியாதும்மா," என்றார் பணியாளர் கடைசியில்.

"எழுத முடியாததை ஏன் சொல்றீங்க?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "உட்காருங்க," என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிடம் கழித்துத் தேநீர்த் தள்ளுவண்டி வந்தபோது முதல் கோப்பையை மெக்கானிக்கிடம்தான் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கோட்டுக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு பெட்டியின் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் கோப்பையைக் காலி செய்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தார். பட்டை கட்டிய காலை நீட்டி முன்னால் இருந்த மிதிபலகையில் வைத்தார். ஐந்து நிமிடத்தில் வாய் பிளந்து தூங்கிப்போனார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. அவள் மேசையில் குறிப்பேட்டை விரித்து முழு அறிக்கையையும் அங்கேயே எழுதி முடித்தாள். ஒன்றேகாலுக்கு ரயில் ஊர் வந்தது. நிலையத்திலிருந்து நடந்து, அலுவலக வாசலுக்கு ஒன்றரை. மொத்தம் நான்கு மணி பத்து நிமிடம்.

நிதி அதிகாரி அறிக்கையை நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்தார்.

"வாசல்ல இருந்து வாசலுக்கு யாரு கேட்டா? ரயில் மூணு இருபது, விமானம் ஐம்பத்தஞ்சு நிமிஷம். அதை மட்டும் போடுங்க. அந்த ரயில் பெட்டிக் கதை, எண்ணெய் வாசனை எல்லாம் வேண்டாம். இது என்ன, பத்திரிகையா?"

"சீட்டு ஏன் காலியா இருக்குன்னு நீங்கதானே கேட்டீங்க சார். பதில் அதுல இருக்கு."

"மாத்திக் குடுங்க."

"மாத்த மாட்டேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொற்களை அந்த மாடியில் அவர் இதற்கு முன் கேட்டதில்லை போலிருந்தது.

"சரி, நானே மாத்திக்கிறேன்."

"மாத்துங்க. ஆனா கீழ என் பேரு இருக்கக் கூடாது. உங்க பேரைப் போட்டுக்குங்க."

"தயாரிச்சது பயணப் பிரிவு. பிரிவு பேருதான் வரும்."

"பயணப் பிரிவுல நான் ஒருத்திதான் சார் இருக்கேன்," என்றாள். சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு வந்து தண்ணீர் பிடித்துக் குடித்தாள். குடித்து முடித்ததும் தன் அறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

நிர்வாகக் குழு வெள்ளிக்கிழமை கூடியது. அவளுக்கு அழைப்பு இல்லை. பத்தரை மணிக்கு உள்ளே இருந்து தொலைபேசி வந்தது, விளக்கம் கேட்கிறார்கள் என்று. போனாள். நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர். ஆளுக்கொரு தாள், அதில் இரண்டே இரண்டு எண்கள். அடியில் 'தயாரிப்பு: பயணப் பிரிவு'.

பெரிய மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதுக்குத்தான் ரெண்டு நாள் போயிட்டு வந்தீங்களா? இது எனக்கே தெரியுமே."

"இது நான் எழுதினது இல்ல மேடம். நான் எழுதினது இதோ." கொண்டு வந்த பக்கங்களை அவர் முன்னால் வைத்தாள்.

நிதி அதிகாரி தொண்டையைச் செருமினார். "நான்தான் சுருக்கினேன். கால அட்டவணையில இருக்கிற அதிகாரபூர்வ நேரம் அது. இவங்க போக்குவரத்து நெரிசல், பிஸ்கட் சாப்பிட்டது எல்லாத்தையும் சேர்த்திருக்காங்க. அன்னைக்கு நெரிசல் அதிகமா இருந்திருக்கலாம். ஒரு தடவை போனதை வச்சு எப்படிச் சொல்றது?"

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. பலர் தலையை ஆட்டினார்கள். அவள் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த விற்பனை மேலாளரைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு தடவைதான் போனேன். சார் எட்டு வருஷமாப் போறாரு," என்றாள். "சார், நீங்க சொல்லுங்க. காலையில ஏழு மணிக்குக் கிளம்பினா எத்தனை மணிக்கு அங்க வாசல்ல இறங்குவீங்க?"

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. விமானம் வீண் என்று ஆகிவிட்டால் முதலில் போவது அவருடைய இருக்கை. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை பன்னண்டு இருபது," என்றார். "மத்த நாளும் பன்னண்டுக்குக் குறைஞ்சு போனதா ஞாபகம் இல்ல. மழை பெஞ்சா ஒண்ணு, ஒண்ணரை. இவங்க எழுதினது சரி." பிறகு பேனாவை மூடினார். "ஆனா நான் விமானத்துலதான் போவேன். எனக்கு அது பிடிச்சிருக்கு. நேரம் மிச்சம்னு மட்டும் இனிமே சொல்ல மாட்டேன்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. பெரிய மேடம் சிரிக்கவில்லை. அவர் மூன்றாவது பக்கத்தை, ரயில் பெட்டியில் நடந்ததை, படித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு, "ரயில் கம்பெனிக்கு நானே எழுதறேன்," என்றார். "மெக்கானிக் முதல் வகுப்பு அப்படியே இருக்கட்டும். மேலாளர் விமானமும் இருக்கட்டும். அடுத்தது என்ன?"

அவ்வளவுதான். பாதி வெற்றி என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள். மீதிப் பாதி எப்படி வரப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. பயணச்சீட்டெல்லாம் இனிமேல் கைப்பேசிச் செயலி வழியாகத்தான், அவரவரே போட்டுக்கொள்ளலாம், பயணப் பிரிவு மூடப்படுகிறது, அவளுக்கு உதிரிபாகக் கிடங்கில் வேலை. கீழே நிதி அதிகாரியின் கையெழுத்து.

மெயின் சுவிட்ச் தகவல் தெரிந்து மேலே ஏறி வந்தார். "ஆப் வருதாமேக்கா. எங்களுக்கா, உங்களுக்கா இந்த ஆப்பு?"

"ரெண்டு பேருக்கும்தான்," என்றாள்.

கிடங்கு அலுவலகத்துக்குப் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே. கம்பிவடம், கப்பி, கதவு உருளை என்று அலமாரி அலமாரியாக. அவள் அழுதுகொண்டு போகவில்லை. உத்தரவின் அடியில், 'இந்த மாற்றம் என் அறிக்கைக்காகச் செய்யப்பட்டது என்று கருதுகிறேன். ஏற்காமல் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒரு நகல் வைத்துக்கொண்டாள். கிடங்கில் நான்கு நாளில் எல்லா அலமாரிக்கும் எண் ஒட்டினாள். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "பத்து வருஷமா இந்த உருளை எங்க இருக்குன்னு தேடிட்டு இருந்தேன்," என்றார்.

செயலி முதல் வாரமே தன் வேலையைக் காட்டியது. எந்தச் சீட்டு மலிவோ அதைத்தான் அது முதலில் நீட்டும். முதல் வகுப்பைத் தேடினால் 'நிதிப் பிரிவின் ஒப்புதல் தேவை' என்று வரும். ஒப்புதல் கேட்டால் வராது. கிளை நகரத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோன அன்று, மெயின் சுவிட்சுக்கு விமானத்தில் சாதாரண வகுப்புச் சீட்டு வந்தது. அவர் அலுவலக வாசலில் கருவிப் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குழுவுல முடிவு பண்ணது முதல் வகுப்பு. அந்தச் சீட்டு வரட்டும், கிளம்புறேன்," என்றார். இன்னொரு மெக்கானிக்கை அனுப்பப் பார்த்தார்கள். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பதினொரு மணிக்குள் ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். சத்தமில்லை, கோஷமில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர்களைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

கிடங்குத் தொலைபேசி அடித்தது. நிதி அதிகாரியின் குரல் வழக்கத்தைவிட மென்மையாக இருந்தது.

"ஒரு முதல் வகுப்பு டிக்கெட் போடணும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். கொஞ்சம் சீக்கிரம்."

"நான் கிடங்குல இருக்கேன் சார். டிக்கெட் போடுறது என் வேலை இல்லையே."

"அங்க கட்டடத்துல ஆளுங்க படி ஏறிக்கிட்டு இருக்காங்க. வயசானவங்க எல்லாம் இருக்காங்க."

அந்தச் சொல் அவளைத் தைத்தது. "டிக்கெட் இப்பவே போட்டுடறேன். அது அவங்களுக்காக," என்றாள். "ஆனா இதுதான் கடைசி. அடுத்தது வேணும்னா என்னை மேல கூப்பிட்டு எழுத்துல குடுங்க. பிரிவு மூடல, அந்த மேசை என்னோடதுன்னு."

பன்னிரண்டு மணி ரயிலில் மெயின் சுவிட்ச் ஏறினார். மாலையில் லிஃப்ட் ஓடியது. மறுநாள் இன்னொரு லிஃப்ட் நின்றது. அன்றும் வாசலில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். இந்த முறை கிடங்குத் தொலைபேசியை அவள் எடுக்கவில்லை. பெரிய மேடத்தின் அறைக்குத்தான் எல்லா அழைப்பும் போயிற்று. பத்தாவது நாள் இரண்டாவது உத்தரவு வந்தது. முதல் உத்தரவைவிடச் சின்னது: பயணப் பிரிவு பழையபடி தொடரும். அதில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. கையெழுத்து பெரிய மேடத்துடையது.

திங்கட்கிழமை காலை இரண்டாவது மாடிக்கு ஏறினாள். மேசை அங்கேயே இருந்தது. நாற்காலியை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். கேட்டதற்கு, இருப்பில் இல்லை, வாங்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அவள் மேலே போய்க் கூட்ட அறையைத் திறந்தாள். உயரமான முதுகு, அகலமான கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியைப் பிடித்துத் தாழ்வாரத்தில் உருட்டிக்கொண்டு வந்தாள். சக்கரம் ஒன்று கிரீச்சிட்டது. நிதி அதிகாரி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது கூட்ட அறை நாற்காலி."

"தெரியும் சார்," என்று சொல்லிவிட்டு, லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள்.